கோல்கீப்பர் அட்டையின் பின்புறம்

மருந்துப் பெட்டிகளுக்கான அட்டைகளை அச்சடிக்கும் அந்த அச்சகத்திலிருந்து எந்தக் கட்டு வெளியே போவதானாலும், கடைசியாக ஒரு மேசையைக் கடந்துதான் போக வேண்டும். மேசைக்கு மேலே நிழல் விழாத வெள்ளை விளக்கு. மேசையின்மீது ஒரு பூதக்கண்ணாடி, ஓர் எஃகு அளவுகோல், ஊசிபோலச் சீவிய கெட்டிப் பென்சில், இளஞ்சிவப்புச் சீட்டுக்கட்டு ஒன்று. அங்கே உட்கார்ந்திருப்பவள் முப்பத்தொரு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். முப்பது ஆண்டும் ஏழு மாதமும் என்பதே சரி. அச்சகத்திலும் வீட்டிலும் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். முகத்துக்கு நேரே அழைத்தாலும் அவள் கோபித்துக்கொண்டதில்லை.

“வெறுங்கண்ணாடி முகம் பாக்கறதுக்கு. பூதக்கண்ணாடி வேலை பாக்கறதுக்கு. நல்ல பேருதான்” என்பாள்.

நூறு தாளுக்கு ஒன்றாக உருவி விளக்கின் கீழ் விரிப்பாள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றனவா, எழுத்தின் வயிற்றில் மை அடைத்துக்கொண்டிருக்கிறதா, மடிப்புக் கோடு மயிரிழை தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பாள். குறை தென்பட்டால் இளஞ்சிவப்புச் சீட்டில் இடம், குறை, அளவு என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பி, கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். குறை இல்லையென்றால் மேல்தாளைப் புரட்டி, பின்புறத்தின் வலது கீழ் மூலையில் பென்சிலால் நகக்கண் அளவுக்கு ஒரு டிக் போடுவாள். கை டிக் போடும்போதே வாய் “போகலாம்” என்று சொல்லும். அந்தச் சொல் இல்லாமல் டிக் விழுந்ததில்லை. டிக் இல்லாமல் அந்தச் சொல்லும் வெளிவந்ததில்லை. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை.

அதற்கு மேல் அவளிடம் பாராட்டு கிடையாது. “குத்தமே இல்லாத தாள் இன்னும் பொறக்கல. போகலாம்னா போகலாம், அவ்வளவுதான்” என்பது அவள் கட்சி. திருமணத்துக்குப் பெண் பார்க்க வந்தவரைப் பற்றிக் கேட்டபோதும் அவள் “போகலாம்” என்றுதான் சொன்னாளாம். பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்தக் கணவர் இருபத்தாறு ஆண்டுகளாக அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். “பின்னாடி டிக் போட்டிருக்காளான்னு நானும் கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாக்கறேன், தெரிய மாட்டேங்குது.”

அவளுக்கு ஒரே தம்பி. எட்டு வயது இளையவன். மின்தூக்கி பழுதுபார்ப்பவன். உயர்ந்த கட்டடங்களின் நடுவே, எண்ணெயும் இருட்டுமாக இறங்கும் குழிக்குள் கயிற்றையும் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே அவனுடைய நாள்கள் போகும். தனியாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில் என்பது பதினான்கு ஆண்டு வழக்கம். இடையில் நின்றது ஒரே ஒரு முறை. அது எப்படி நின்றது, எப்படித் தொடர்ந்தது என்பதே இந்தக் கதை.

அம்மாவின் தையல் இயந்திரம் தம்பி வீட்டுக்குப் போனபோது, அதன் இழுப்பறையில் இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகமும் இருந்தது. அம்மா அதை ஒருநாளும் திறந்ததில்லை. ஊசி மாற்றுவது பற்றிய பக்கத்துக்கும் எண்ணெய் விடுவது பற்றிய பக்கத்துக்கும் நடுவே ஓர் அட்டை இருந்தது. பத்து வயதில் பபிள்கம் பொட்டலத்தோடு தம்பிக்குக் கிடைத்த கால்பந்து வீரர் அட்டை அது. பச்சைச் சட்டைக் கோல்கீப்பர் ஒருவர் படுக்கைவாட்டில் அந்தரத்தில் நிற்கிறார். விரல் நுனிக்கும் பந்துக்கும் இடையே ஒரு விரற்கடை. மற்ற அட்டைகளையெல்லாம் விளையாட்டில் தோற்றும் மழையில் நனைத்தும் தொலைத்த தம்பி, இதை மட்டும் யாரும் தேடாத இடமாகப் பார்த்து ஒளித்துவைத்தான். பிறகு ஒளித்ததையே மறந்துபோனான். முப்பத்துநான்கு ஆண்டுகளாக வெயிலும் காற்றும் கைரேகையும் படாமல் கிடந்தது அது.

இப்படிப்பட்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதையே தம்பி பிறகுதான் கைபேசியில் அறிந்தான். கட்டணம் கட்டி அட்டையை அனுப்பினால் தரம் பார்க்கும் நிலையம் ஒன்று அதன் நடுவமைப்பு, மூலை, ஓரம், மேற்பரப்பு ஆகிய நான்கையும் ஆராய்ந்து, ஒன்று முதல் பத்துவரை ஓர் எண் கொடுத்து, கண்ணாடிபோன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் திருப்பி அனுப்பும். பத்து என்பது பூரணம். அத்தகைய நிலையம் ஒன்றை நடத்துபவர் வாரந்தோறும் வீடியோவும் போட்டார். முகத்தைக் காட்டமாட்டார். மேசையும், வெள்ளைக் கையுறை அணிந்த இரண்டு கைகளும், ஒரு குரலும் மட்டுமே. தம்பி அவரைக் கையுறைக்காரர் என்பான். சோற்றைப் பிசைந்தபடியே அவருடைய பெருமையைப் பேசுவான்.

“அந்த ஆளு என்னடா விக்கிறான்?” என்று ஒரு ஞாயிறன்று அக்கா கேட்டாள்.

“ஒண்ணுமே விக்கலக்கா. அனுப்பாதீங்க, அனுப்பாதீங்கன்னுதான் சொல்றாரு.”

“அனுப்பாதேன்னு சொல்லியே உன்னை அனுப்ப வெச்சிருக்கான்னா பெரிய ஆளுதான்.”

கணவர் இடையில் புகுந்தார். “மாப்ளே, உங்கக்கா கிட்ட அந்த டெக்னிக் செல்லாது. சாப்பாடு வேண்டாம்னு ஒருநாள் சொல்லிப் பாத்தேன். சரின்னு பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டா.”

தம்பி சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டை மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டான்.

“அக்கா, நான் சரிபண்ற லிப்டுல ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஏறி எறங்கறான். ஓடற வரைக்கும் நான் ஒருத்தன் இருக்கறதே எவனுக்கும் தெரியாது. நின்னாத்தான் ‘எவன்டா மெக்கானிக்கு’ன்னு கேக்கறான். இருபத்திரண்டு வருஷம். ஒரே ஒரு தடவை, என் கையில இருக்கறத ஒருத்தர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, பத்துன்னு சொல்லட்டும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

சோதிக்காத தாளை வெளியே விடுவது அவள் வழக்கமில்லை. “சரி. ஒரு வாரம் குடு. அந்த வீடியோவையும் நான் பாக்கறேன், உன் அட்டையையும் பாக்கறேன். ரெண்டுல எதுல ஓட்டை இருந்தாலும் நீ அனுப்பக் கூடாது.”

“நீ பாத்து ஓட்டை இல்லன்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிடுவேன்” என்றான் தம்பி. அவனுக்கு உலகத்தில் இரண்டு நடுவர்கள். ஒருவர் கையுறைக்காரர், மற்றவள் அவள்.

திங்கள் முதல் வெள்ளிவரை அச்சகத்தின் மதிய இடைவேளைகளில் அவள் அந்த வீடியோவைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம் ஓடும் ஒரே வீடியோ. தாளை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே இதையும் பார்த்தாள். நிறத்துக்கு ஒரு முறை, எழுத்துக்கு ஒரு முறை, மடிப்புக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொண்டாள். திங்களன்று ஒலியை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தாள். செவ்வாயன்று கைபேசியைக் கவிழ்த்துவைத்துக் குரலை மட்டும் கேட்டாள். புதனன்றுதான் இரண்டையும் சேர்த்தாள். இளஞ்சிவப்புச் சீட்டில் நிமிடத்தையும் நொடியையும் ‘இடம்’ என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

முதல் நிமிடத்தில் அவர் தம்முடைய தோல்வியைச் சொல்கிறார்: ஈரக் கையோடு தொட்டுத் தாமே பாழாக்கிய அட்டையைக் காட்டுகிறார். தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்பவனை யார் சந்தேகிப்பார்கள்? மூன்றாம் நிமிடத்திலிருந்து குரல் படிப்படியாகத் தணிகிறது. செவ்வாயன்று அவள் தன்னையறியாமல் கவிழ்ந்த கைபேசியின்மீது காதை வைத்திருந்தாள், அருகே சாப்பிட்டுக்கொண்டிருந்த வெட்டு இயந்திரக்காரர், “என்னம்மா, உள்ள குழந்தை எட்டி உதைக்குதா?” என்று கேட்டார். ஐந்தாம் நிமிடத்தில் ஓர் அட்டைக்கு எண் போட்டாயிற்று; ஆனால் அதன்மீது கறுப்புத் துணி விழுகிறது. துணியை எடுக்காமல் நான்கு நிமிடம் வேறு எதையோ பேசுகிறார். எடுக்கும்போது ஒன்பது. “ஒரு நூலிழைங்க” என்று ஒரு பெருமூச்சு. அடுத்ததும் ஒன்பது. மூன்றாவது அட்டை வரும்போது, முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காகப் பத்து வராதா என்று நாமே வேண்டிக்கொள்கிறோம். பத்து வருகிறது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள், “இது உங்களுக்கானது இல்ல. நம்பிக்கை இல்லேன்னா தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. எப்படியும் பதினொரு அட்டைக்குத்தான் இடம் மிச்சம் இருக்கு” என்கிறார். மூன்று வாரத்துக்கு முந்தைய வீடியோவைத் தேடிப் பார்த்தாள். அதிலும் பதினொரு இடமே மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமைக்குள் சீட்டில் இடம் என்ற கட்டம் நிரம்பிவிட்டது. குறை என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. எங்கே எந்தச் சொல் விழ வேண்டுமோ அங்கே அந்தச் சொல், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டுமோ அங்கே மூச்சு. நான்கு நிறமும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்த தாளைப் போல இருந்தது அது. இப்படி ஒரு வேலையைத் தன் மேசையில் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பென்சிலைக் கீழே வைத்தாள். பயமா மரியாதையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று அவளை அமர்த்தி வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் ஞாயிறன்று தானே ஒப்புக்கொண்டாள்.

“பத்தொன்பதாவது நிமிஷம் அவன் என்ன பண்ணுவான்னு எனக்கு மனப்பாடம்டா. பண்ணினான். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், என் விரல் போயி பதிவு பண்ற பட்டனை அமுக்கப் போகுது. என் விரல்! கடைசி நொடியில இழுத்துக்கிட்டேன்.”

“அதுல என்னக்கா?”

“என்கிட்ட அட்டையே இல்லையேடா!”

கணவர் சிரித்துப் புரையேறி, தண்ணீர் தேடி ஓடினார்.

“அப்ப ஏமாத்தறாரா?” என்று தம்பி கவலையோடு கேட்டான்.

அவள் நேர்மையாக யோசித்தாள். “ஏமாத்தறான்னு சொல்ல ஒரு பொய் வேணும். ஒண்ணுகூட இல்ல. அந்தப் பதினொண்ணுதான் உறுத்துது. ஆனா வாரத்துக்கு வாரம் பதினொண்ணுதான் வெச்சிருக்கான்னா அதையும் பொய்ன்னு சொல்ல முடியாது. கம்பி மேல நடக்கறவனை, கீழ விழலியேன்னு திட்ட முடியுமா? வாயைப் பொளந்து பாக்கத்தான் முடியும்.”

“சரி, அட்டை?”

அவள் மேசையைத் துடைத்தாள். விளக்கை இழுத்துவைத்தாள். தம்பி உறையிலிருந்து இடுக்கியால் அட்டையை எடுத்துப் பஞ்சுபோன்ற துணியின்மீது வைத்தான். அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு பொருத்திக்கொண்டு குனிந்தாள்.

முதலில் மூலைகள்; நான்கும் அப்போதே வெட்டியவைபோல் இருந்தன. ஓரத்தில் ஒரு நார் எழவில்லை. நான்கு பக்க வெள்ளை விளிம்பையும் அளவுகோல் வைத்து அளந்தாள். இடமும் வலமும் சமம், மேலும் கீழும் சமம். பிறகு நிறத்துக்கு வந்தாள். பச்சைச் சட்டையில் நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் பூவிதழ்போல் வட்டம் வட்டமாக அமர்ந்திருந்தன. ஒன்றும் விலகவில்லை. யாரோ ஓர் அச்சகத்தில், யாரோ ஒருவர், பபிள்கம்மோடு தூக்கி எறியப்படப் போகிற துண்டு அட்டைக்காக இயந்திரத்தை இவ்வளவு நுட்பமாகத் திருகிவைத்திருக்கிறார். கோல்கீப்பரின் விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவேயுள்ள வெற்று வெள்ளையில் ஒரு தூசிகூட இல்லை. வீட்டில் இருப்பதும் எதிரே தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவள் நினைவில் இல்லை. வெள்ளை விளக்கும் தாளும் மட்டுமே இருந்தன. அட்டையை ஓரம் பிடித்து மெல்லப் புரட்டினாள். பின்புறமும் பழுதில்லை.

“போகலாம்” என்றாள்.

அந்தச் சொல் வந்த பிறகுதான், தன் வலக்கையில் பென்சில் இருப்பதை அவள் பார்த்தாள். அளவுகோலோடு சேர்த்து எப்போது எடுத்தாள் என்பது தெரியவில்லை. அட்டையின் பின்புறம், வலது கீழ் மூலையில், நகக்கண் அளவுக்கு ஒரு டிக் இருந்தது.

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வாழ்க்கையிலேயே முதல்முறையாக வேடிக்கை எதுவும் தோன்றாமல் வாயை மூடிக்கொண்டார்.

“அக்கா” என்றான் தம்பி. குரல் எங்கோ அடியாழத்திலிருந்து வந்தது. “என்னக்கா பண்ணிட்ட?”

“கை... கை தானா...”

“முப்பத்துநாலு வருஷம்க்கா. ஒரு எறும்பு தொடல.”

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் ஆனை சறுக்கி விழும் இடம் அடுத்தவரின் மண்பானையாக இருந்துவிட்டால் பழமொழி ஆறுதல் தராது. தம்பி அழிப்பானைத் தேடினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம்டா. கெட்டிப் பென்சில். அழுத்தம் உள்ள எறங்கியிருக்கும். அழிச்சா நார் எழும்பும், பளபளப்பு போகும். அப்புறம் திருத்தின அட்டைன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. டிக்காவது நேர்மையா இருக்கட்டும்.”

“நேர்மை! நீயே வெச்சுக்க உன் நேர்மையை” என்றான் அவன். அட்டையை உறையில் போட்டான். “இடம் பதிவு பண்ணியாச்சு. நாளைக்குக் கடைசி நாள். அனுப்பறேன். உன் டிக்குக்கு அவரே பதில் சொல்லட்டும்.” செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவள் எட்டு முறை அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு மூன்று வரி எழுதி அனுப்பினாள். பார்த்தான் என்பதற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அவன் பணிசெய்யும் கட்டடத்துக்கே ஒருநாள் போனாள். மின்தூக்கியின் கதவில் ‘பழுதுபார்ப்பு நடைபெறுகிறது’ என்ற பலகை தொங்கியது. கீழே குழிக்குள் ஒரு விளக்கு அசைவது தெரிந்தது. கூப்பிடாமல் அரைமணி நின்றுவிட்டுத் திரும்பினாள். அச்சகத்தில் டிக் போடும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்கியது. போகலாம் என்ற சொல் வெளியே வரவில்லை.

இரு தரப்புக்கும் இடையே கணவர் அலைந்தார். “நல்லா இருக்கான். இளைக்கல. நீ எப்படி இருக்கேன்னு கேக்கல, ஆனா நான் சொன்னப்ப காதைப் பொத்திக்கல” என்று சேதி சொல்வார். “பேருந்து ஓட்டற எனக்கு அக்காவும் தம்பியும் தபால் வேலை குடுத்துட்டீங்க. சம்பளம் மட்டும் எவரும் குடுக்கல.”

ஏழாவது ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்தார். “ஏய், வா! கையுறைக்காரன் நேரலை. நம்ம கோல்கீப்பர்!”

அவள் ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள். வெள்ளைக் கையுறைகளுக்கு நடுவே பச்சைச் சட்டை அந்தரத்தில் நின்றது. பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருப்பதாக ஓரத்தில் எண் ஓடியது.

“ஒரு புத்தகத்துக்குள்ள இருந்ததுன்னு மட்டும் எழுதியிருக்காரு. வேற ஒண்ணும் எழுதல” என்றது குரல். “மூலை பாருங்க. ஓரம் பாருங்க. நான் எதுவும் சொல்லல. நீங்களே பாருங்க.” கைகள் அவசரப்படவில்லை. பிறகு அட்டை புரண்டது.

மௌனம். அவள் எண்ணினாள், ஒன்பது நொடி. “ஐயோ” என்றது குரல், யாருக்கும் கேட்கக் கூடாதென்பதுபோல. திரை முழுவதும் அவளுடைய டிக் நின்றது.

“யாருங்க போட்டது இது?” என்று அவர் கேட்டார். “எனக்குத் தெரியாது. நோட்டுல ஒருநாளும் டிக் வாங்காத ஒரு பையன், தனக்குத்தானே போட்டுக்கிட்டதா? இல்ல, தூர தேசத்துக்கு வேலைக்குக் கெளம்பின அப்பா, வாசல்ல நின்னு, ‘காட்டுடா பாப்போம்’னு வாங்கிப் பாத்து, சட்டைப்பையில இருந்த பென்சிலை எடுத்துப் போட்டதா? அந்த அப்பா திரும்பி வந்தாரா? அதனாலதான் இதை யார் கண்ணுலயும் படாம ஒரு புத்தகத்துக்குள்ள வெச்சாங்களா?”

அவள் கன்னம் நனைந்திருந்தது. அப்படி ஓர் அப்பா இல்லை என்பது அவளுக்குத் தெரியும். டிக் போட்ட கை இதோ மடியில் ஈரத்தோடு கிடக்கிறது. போட்டு ஐம்பது நாள்கூட ஆகவில்லை. இருந்தும் வாசலில் நின்ற அந்த மனிதரை அவள் பார்த்தாள். அவர் சட்டைப்பையின் கிழிசலைக்கூடப் பார்த்தாள். எல்லாமே கேள்விகள் என்பதும் அவளுக்கு அப்போதே புலப்பட்டது. ஒரு வாக்கியத்தைக்கூட அவர் உண்மையென்று சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்காக ஊரே அழுதுகொண்டிருந்தது, அவளும் சேர்ந்து.

“இதுக்கு என்னால நம்பர் குடுக்க முடியாது. பென்சில் பட்டா எண் கெடையாது, அதுதான் விதி” என்றார். குரல் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. ஆறாவது நிமிடம் நாற்பதாவது நொடி. “ஆனா ஒண்ணு சொல்றேன். பத்து என் அலமாரி நெறைய இருக்கு. இந்த டிக் உலகத்துலயே ஒண்ணுதான்.”

பிறகு, மூச்சு விட்டு, “உங்க வீட்டுப் புத்தகத்துக்குள்ள என்ன இருக்கு? அனுப்பச் சொல்லல. தெறந்து பாருங்க, அவ்வளவுதான். பதினொரு இடம் இருக்கு.”

கணவர் எழுந்து போய் அலமாரியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறினார். காலாவதியான பேருந்துச் சீட்டு ஒன்று விழுந்தது. அதன் மூலைகளை அவர் வெளிச்சத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவள் திரையின் கீழே ஓடிய கருத்துகளில் தம்பியின் பெயரைப் பார்த்தாள். ‘அது என் அக்கா போட்ட டிக். இரண்டு மாதம்கூட ஆகவில்லை’ என்று எழுதியிருந்தான். அதன் கீழே மளமளவென்று பதில்கள் விழுந்தன. ‘அடுத்தவர் கண்ணீரில் குளிர் காயாதே.’ ‘அப்பா அருமை தெரியாதவன்.’ ‘உன் அக்காவுக்கு வேறு வேலை இல்லையா?’

அதற்கடுத்த ஞாயிறு, சாப்பாட்டு நேரத்துக்கு, படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். தம்பி உள்ளே வந்து, பிளாஸ்டிக் உறையில் மூடிய அட்டையை மேசைமேல் வைத்தான். பின்புறம் மேலே தெரியும்படி வைத்தான்.

“சாப்பாடு இருக்கா?” என்றான்.

“எட்டு வாரமா இருக்கு” என்றாள் அவள்.

உறையை விரலால் அவள் பக்கம் நகர்த்தினான். “யோசிச்சுப் பாத்தேன்க்கா. பத்து ஊர்ல நெறைய இருக்கு. இந்த டிக் உலகத்துலயே ஒண்ணுதான்.”

ஆறாவது நிமிடம் நாற்பதாவது நொடி என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று வரிச் செய்தியும் எட்டு அழைப்பும் கட்டடத்து வாசலில் நின்ற அரைமணியும் செய்யாததை, முன்பின் தெரியாத ஒருவர் தம் வியாபாரத்துக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் செய்திருக்கிறது. அது தன் வாக்கியம் என்றே தம்பி நம்பிக்கொண்டிருக்கிறான். சொன்னவருக்கு நன்றி சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே நிற்கும் தம்பியின் சிவந்த காதுகளைப் பார்த்தாள். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினாள்.

“அக்கா, அந்த அப்பா கதை... அவரு சொன்னது பொய்தானே?”

“ஒரு பொய்கூட இல்ல. தேடிப் பாத்துட்டேன்.”

“நான் உண்மையை எழுதினேன். மூவாயிரம் பேர் திட்டினான்.”

“பாத்தேன். எனக்கு வேற வேலை இல்லையான்னு ஒருத்தன் கேட்டிருந்தான்” என்றாள். தம்பி களுக்கென்று சிரித்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

அவள் விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு உறையின்மீது குனிந்தாள். முப்பது ஆண்டுகளில் லட்சம் முறை போட்டும், தன்னுடைய டிக்கைப் பூதக்கண்ணாடியில் அவள் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் மற்றவர் வேலை. கீழிறங்கும் கோடு குட்டையாக, உறுதியாக இருந்தது. மேலேறும் கோடு நீண்டு மெலிந்து, முடியும் இடத்தில் தாளைத் தொட்டும் தொடாமலும், பந்தை நோக்கிப் போகும் அந்தக் கோல்கீப்பரின் விரலைப் போல எழும்பி நின்றது. ஒன்றுக்கொன்று பிசகாமல் கரித்துகள்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் வெகுநேரம் நிமிரவில்லை.

“எப்படிக்கா இருக்கு?”

“போகலாம்” என்றாள். கையை மட்டும் மேசைக்கடியில் கட்டிவைத்துக்கொண்டாள்.

கணவர் வாசலிலிருந்தே கேட்டார். “ரெண்டு பேரும் பேசியாச்சா? அப்ப தபால்காரன் ராஜினாமா.”

அன்று மாலை ஆறு மணிக்கு மூவரும் ஒன்றாக நேரலை பார்த்தார்கள். அவள் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். “இப்ப தன் தப்பைச் சொல்வான் பாரு.” சொன்னார். “இப்ப குரல் எறங்கும்.” இறங்கியது. தம்பி தொடையில் தட்டிச் சிரித்தான். “இப்ப துணியைப் போட்டுட்டு வேற ஊர்க்கதை பேசுவான்.” கறுப்புத் துணி விழுந்தது, ஊர்க்கதை தொடங்கியது. நான்கு நிமிடம் கழித்து வெள்ளைக் கையுறை துணியின் நுனியைத் தொட்டது. மூன்று முதுகும் நாற்காலியை விட்டு முன்னே சாய்ந்திருந்தன.